அந்த ஒரு சதவீதம் எந்தத் தெருவில் விழுந்தது?

2022 செப்டம்பர் கடைசி வாரம். வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தால் எரிவாயு நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம். மாடிப்படி ஏறிக்கொண்டே பிரித்தேன். மாதம் 72 யூரோ கட்டிவந்த எங்களுக்கு நவம்பரிலிருந்து 230 யூரோ என்று போட்டிருந்தது. ஒரு கிலோவாட் மணிக்கு 6 செண்ட்டாக இருந்த விலை 22 செண்ட். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று இன்னொரு முறை படித்தேன். எண்கள் மாறவில்லை.

உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ரஷ்ய எரிவாயுவை ஜெர்மனிக்குக் கொண்டுவரப் பால்டிக் கடலடியில் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கடல் நடுவே வட்டமாகக் குமிழி கொப்பளிக்கும் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மேசையைச் சுற்றி நான்கு வல்லுநர்கள். ஒருவர் குளிர்காலத்தில் எரிவாயுவுக்குப் பங்கீடு வரலாம் என்றார். இன்னொருவர் விலை 40 செண்ட்டுக்குப் போனாலும் ஆச்சரியமில்லை என்றார். என் மனைவி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இது எத்தனை மாசத்துக்கு?" அந்த வீட்டில் அன்று கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுதான். எனக்கு அது காதில் ஏறவில்லை.

கடிதத்தின் அடியில் ஒரு சலுகை இருந்தது. 14 நாட்களுக்குள் கையெழுத்திட்டால் 22 செண்ட் விலை 24 மாதங்களுக்கு உறுதி. நாற்பதைக் கேட்டு மிரண்டிருந்த எனக்கு இருபத்திரண்டு அடைக்கலம் போலத் தெரிந்தது. அக்டோபர் 5 அன்று கையெழுத்துப் போட்டேன்.

ஐரோப்பியப் பொருளாதாரத்தைப் பற்றி வல்லுநர்கள் பேசுவதை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியத் தொடங்கியது அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான். அதற்கு நான் கொடுத்த விலையையும், கூடவே வேலை பார்த்தவர்கள் கொடுத்த அதைவிடப் பெரிய விலையையும் இங்கே எழுதுகிறேன். ஜெர்மனியில் இருக்கிறவர்களுக்கும் வரப்போகிறவர்களுக்கும் பயன்படலாம்.

நான் இருப்பது லுட்விக்ஸ்ஹாஃபன். ரைன் ஆற்றின் இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் மன்ஹைம். ஊரின் வடபகுதி முழுக்க ஆற்றோரமாக பிஏஎஸ்எஃப் இரசாயன ஆலை. பத்து சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022இல் ஏறத்தாழ 39,000 பேர் வேலை செய்த இடம். போருக்கு முன் ஜெர்மனியின் மொத்த எரிவாயுத் தேவையில் சுமார் 4% இந்த ஒரு வளாகத்துக்கே போனது. எரிப்பதற்கு மட்டும் அல்ல, எரிவாயு அங்கே மூலப்பொருள். அதிலிருந்து ஹைட்ரஜன், அதோடு காற்றிலுள்ள நைட்ரஜன் சேர்ந்து அமோனியா, அமோனியாவிலிருந்து உரம், பிளாஸ்டிக், பசை என்று கிளை கிளையாகப் பிரியும். உலகில் முதன்முதலாக அமோனியாவைத் தொழிற்சாலை அளவில் செய்ததே இங்கே ஓப்பாவ் பகுதியில்தான், 1913இல். நான் வேலை பார்ப்பது இத்தகைய ஆலைகளுக்குப் பம்புகளும் வால்வுகளும் பராமரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தில். 2022இல் நாங்கள் 46 பேர்.

நான் நெய்வேலியில் வளர்ந்தவன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும்தான் எங்கள் ஊர். ஒரு ஊரே ஒரு எரிபொருளை நம்பி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். எரிவாயு நெருக்கடியில் ஜெர்மனி, ஓய்வில் வைத்திருந்த பழுப்பு நிலக்கரி மின்நிலையங்களை மீண்டும் இயக்கியபோது, இருபது வருடத்துக்குப் பிறகு நெய்வேலியின் சாம்பல் வாசனை எனக்கு ஞாபகம் வந்தது.

இனி அந்த ஆண்டின் மார்ச் மாதத்துக்குப் போக வேண்டும். பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 55% ரஷ்யாவிடமிருந்து வந்தது. அதை உடனே நிறுத்திவிடலாமா, நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் நாடு முழுக்கப் பேச்சு. மார்ச் 7 அன்று ருடிகர் பாக்மன், மொரிட்ஸ் ஷுலாரிக் முதலிய பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரஷ்ய எரிபொருளை அடியோடு நிறுத்தினாலும் ஜெர்மனியின் பொருளாதாரம் அரை சதவீதம் முதல் மூன்று சதவீதம் வரைதான் சுருங்கும், வலிக்கும், ஆனால் தாங்கிவிடலாம் என்பது அதன் முடிவு. அன்றைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் தொலைக்காட்சியில் அந்தக் கணக்கு தவறு, இப்படிக் கணித மாதிரிகளை வைத்துப் பேசுவது பொறுப்பற்ற செயல் என்று கடுமையாகச் சொன்னார். பிஏஎஸ்எஃப் தலைவராக இருந்த மார்ட்டின் புரூடர்முல்லர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் காணாத நெருக்கடி வரும் என்று எச்சரித்தார்.

எங்கள் பட்டறையில் எல்லாரும் புரூடர்முல்லர் பக்கம். நானும்தான். பேராசிரியர்களுக்கு ஆலை என்ன தெரியும்? பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் செய்யும் பெரிய உலையான ஒரு ஸ்டீம் கிராக்கரைச் சட்டென நிறுத்தினால் மீண்டும் ஓட்டுவது என்ன பாடு என்று அவர்கள் பார்த்திருக்கிறார்களா? தேநீர் இடைவேளையில் இதுதான் எங்கள் வாதம்.

நடந்தது என்ன என்று இப்போது தெரியும். ஜெர்மனி உடனே நிறுத்தவில்லை. ரஷ்யாதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஆகஸ்ட் கடைசியில் நார்ட் ஸ்ட்ரீம் 1 வழியாக வருவதை முழுதாக நிறுத்தியது. அந்த மாதம் ஐரோப்பியச் சந்தையில் எரிவாயு விலை ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. ஆனால் சேமிப்புக் கிடங்குகள் நவம்பர் நடுவில் நிரம்பி வழிந்தன. நார்வேயும் நெதர்லாந்தும் பெல்ஜியமும் கைகொடுத்தன. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் திரவ எரிவாயு இறக்கும் முனையம் 200 நாட்களுக்குள் கட்டி முடிக்கப்பட்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. மக்களும் ஆலைகளும் பயன்பாட்டைக் குறைத்தார்கள். பங்கீடு வரவே இல்லை. 2022இல் பொருளாதாரம் வளர்ந்தே முடிந்தது. 2023, 2024 இரண்டு ஆண்டும் சுருங்கியது, ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஒரு சதவீதத்துக்குள்தான்.

நாடு என்ற அளவில் பேராசிரியர்கள் சொன்னதுதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று. அமோனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிவாயு இல்லையென்றால் அமோனியா இல்லை, அமோனியா இல்லையென்றால் எல்லாம் நின்றுவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அமோனியாவைக் கப்பலில் வரவழைக்கலாமே என்பது அவர்கள் வாதம். கடைசியில் அப்படித்தான் ஆனது. எரிவாயு மலிவாக இருக்கும் நாட்டில் செய்த அமோனியா இங்கே வந்தது.

ஆனால் அமோனியா கப்பலில் வந்தால், இங்கே அமோனியா செய்துகொண்டிருந்த ஆலை என்ன ஆகும்? பேராசிரியர்களின் கணக்கில் அது ஒரு 'மாற்று'. எங்கள் ஊரில் அது மூடப்படும் ஒரு வாசல்கதவு. 2023 பிப்ரவரியில் பிஏஎஸ்எஃப் லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த இரண்டு அமோனியா ஆலைகளில் ஒன்றையும், நைலானுக்கான கேப்ரோலாக்டம், மெத்தை நுரைக்கான டிடிஐ ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளையும் மூடுவதாக அறிவித்தது. உலகளவில் 2,600 வேலை இடங்கள் குறையும், இங்கே ஆலை மூடலால் உற்பத்தியில் 700 இடங்கள் பாதிக்கப்படும், அவர்களில் பெரும்பாலோருக்கு வேறு பிரிவுகளில் வேலை தரப்படும் என்றார்கள். ஆலையின் சொந்த ஊழியர்களுக்குத் தொழிற்சங்க ஒப்பந்தம் இருந்தது. எங்களைப் போன்ற ஒப்பந்த நிறுவனங்களில் இருப்பவர்கள் அந்த 700இல் வருவதே இல்லை. எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வல்லுநர் பேச்சைக் கேட்கும்போது நான் இன்று முதலில் பார்ப்பது இதைத்தான்: இவர் பதில் சொல்லும் கேள்வி நாட்டைப் பற்றியதா, தொழிலைப் பற்றியதா, ஒரு வீட்டைப் பற்றியதா? பாக்மனும் ஷுலாரிக்கும் நாட்டுக்குப் பதில் சொன்னார்கள். புரூடர்முல்லர் தன் தொழிலுக்குப் பதில் சொன்னார். அதில் நேரடி அனுபவமும் இருந்தது, தன் நிறுவனத்தின் அக்கறையும் இருந்தது, இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். என் வீட்டுக்கு யாருமே பதில் சொல்லவில்லை. சொல்ல அவர்களால் முடியாது. அதை நான்தான் போட்டிருக்க வேண்டும்.

இதை எனக்கு உணர்த்தியவர் மன்ஹைமில் இருக்கும் ஓர் அண்ணை. 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், முப்பது வருடம் வார்ப்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு என் மகளும் அவர் பேத்தியும் ஒன்றாகப் போவதால் பழக்கம். அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் உள்ளே 'ஆத்திசூடி' சொல்லிக்கொண்டிருக்க, வெளியே நின்று என் எரிவாயு ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன்.

"கையெழுத்து வைச்சிட்டியோ? ஏன் தம்பி அந்தரப்பட்டனீ?" என்றார்.

நாற்பது செண்ட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்களே என்றேன்.

"போனா எண்டுதானே சொன்னவை. போகாட்டி எண்டு ஆரும் கேக்கேல்லையோ? ரெண்டு வருசத்தால என்ன விலை எண்டு அவைக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாத சாமானுக்கு ரெண்டு வருசம் கட்டிப் போடுறதோ?"

அவர் செய்தது வேறு. அவருடைய பழைய ஒப்பந்தமும் முடிந்திருந்தது. புதிதாக எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஜெர்மனியில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடிப்படை வழங்குநர் உண்டு. எந்த ஒப்பந்தமும் இல்லாமல் விட்டால் தானாக அவர்களிடம் போய்ச் சேர்வோம், எரிவாயு நிற்காது. இதற்கு 'குருண்ட்ஃபெர்சோர்குங்' என்று பெயர். வழக்கமாக இது விலை கூடியது என்று எல்லாரும் ஒதுக்குவார்கள். ஆனால் 2022 இலையுதிர்காலத்தில், முன்கூட்டியே நீண்டகாலத்துக்கு வாங்கி வைத்திருந்த பல ஊர் வழங்குநர்களிடம் அது புதிய ஒப்பந்தங்களைவிட மலிவாகவே இருந்தது. முக்கியமானது, இரண்டு வார முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளலாம். அண்ணை அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, விலை இறங்கும்வரை காத்திருந்தார். அவரிடம் பொருளாதார அறிவு என்று தனியாக எதுவும் கிடையாது. பயம் உச்சத்தில் இருக்கும்போது நீண்ட ஒப்பந்தம் போடக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

நான் அவசரப்பட்டது அது ஒன்றில் மட்டும் அல்ல. பயத்தில் இரண்டு மின்சார வெப்பக்காற்று ஹீட்டர்களும் வாங்கினேன். அந்த ஆண்டு நாடே வாங்கியது. உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்: விலை ஏறிய பின்னும் எரிவாயு 22 செண்ட், மின்சாரம் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு பெட்டிகளும் இன்னும் நிலவறையில் இருக்கின்றன.

அதற்கு முன், 2022 ஜனவரியில், இதற்கு நேர் எதிரான தவறையும் செய்திருந்தேன். பக்கத்து ஊரான ஃபிராங்கன்டாலில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். பத்து வருடத்துக்கு வட்டியைப் பூட்டி வைக்கும் கடன் அப்போது ஒரு சதவீதம் அளவில் கிடைத்தது. விலைவாசி ஏற்றம் தற்காலிகம்தான், ஐரோப்பிய மத்திய வங்கி 2022இல் வட்டியை ஏற்ற வாய்ப்பு மிகக் குறைவு என்பது அன்று பரவலான கருத்து. அவசரமில்லை என்று வீட்டு விலை இறங்கக் காத்திருந்தேன். அந்தக் கருத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வந்தது: நடுத்தரக் காலப் பணவீக்கக் கணிப்பு இரண்டு சதவீதத்தைத் தாண்டாவிட்டால். போர் வந்ததும் அந்த 'விட்டால்' உடைந்தது. நான் முடிவை மட்டும் மனதில் வைத்திருந்தேன், நிபந்தனை உடைந்ததைக் கவனிக்கவில்லை. ஜூலையில் மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. இலையுதிர்காலத்தில் வீட்டுக்கடன் வட்டி நான்கு சதவீதத்தை நெருங்கியது. மூன்று இலட்சம் யூரோ கடனுக்கு, ஆண்டுக்கு இரண்டு சதவீதம் அசல் திருப்பினால், ஒரு சதவீத வட்டியில் மாதம் 750 யூரோ. நான்கு சதவீதத்தில் 1,500. வீடு கைவிட்டுப் போனது. வல்லுநர் சொல்வதில் 'ஆனால்', 'எனில்', 'வரை' வரும் இடங்களை அடிக்கோடிட்டுப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்த இழப்பிலிருந்துதான். கணிப்பைவிட, அந்தக் கணிப்பு எந்தக் காலில் நிற்கிறது என்பது முக்கியம். அந்தக் கால் ஆடும்போது முடிவை மாற்ற வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, வல்லுநர்கள் உண்மையிலேயே அருமையாகச் செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. பொருளாதார அறிஞர் வெரோனிகா கிரிம், தொழிற்சங்கத் தலைவர் மிகாயேல் வசிலியாடிஸ், தொழில்துறைக் கூட்டமைப்பின் தலைவர் சீக்ஃப்ரீட் ருஸ்வுர்ம் மூவரும் தலைமை. நான் கையெழுத்துப் போட்ட ஐந்தாம் நாள், அக்டோபர் 10 அன்று, அவர்கள் பரிந்துரை வந்தது. அதுதான் பிறகு 'எரிவாயு விலைத்தடுப்பு' சட்டமானது. எண்பது சதவீதப் பயன்பாட்டுக்கு 12 செண்ட், அதற்கு மேல் சந்தை விலை என்று செய்திகளில் சுருக்கமாகச் சொன்னார்கள். என்னைச் சுற்றி இருந்த பெரும்பாலோர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோமோ அதில் எண்பது சதவீதம் என்று நினைத்தார்கள். அப்படியல்ல. 2022 செப்டம்பரில் நமக்கு மதிப்பிடப்பட்டிருந்த ஆண்டுப் பயன்பாட்டில் எண்பது சதவீதம்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. மதிப்பீடு 12,000 கிலோவாட் மணி, அதில் எண்பது சதவீதம் 9,600. என் விலைக்கும் 12 செண்ட்டுக்கும் வித்தியாசம் 10 செண்ட். ஆக 960 யூரோ அரசு கொடுத்துவிடும், நான் அதிகம் எரித்தாலும் சரி, குறைத்தாலும் சரி. அப்படியானால் நான் சேமிக்கும் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 12 அல்ல, முழு 22 செண்ட் என் பையில் நிற்கும். உதவியும் கிடைக்க வேண்டும், சேமிக்கும் ஆசையும் போகக் கூடாது என்று யோசித்து வடிவமைத்திருந்தார்கள். இதைப் புரிந்துகொண்ட இரவு மனைவியிடம் தாளில் போட்டுக் காட்டினேன். அடுத்த நாளே அறைகளை 19 டிகிரிக்கு இறக்கினோம், படுக்கையறையை 17க்கு. ரேடியேட்டர்களில் காற்றுப் பிடித்திருந்ததைச் சாவி போட்டு வெளியேற்றினோம். ஜன்னலைச் சரித்து வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டு, ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடினோம். 2023இல் 9,600க்குள் முடித்தோம். 2,400 கிலோவாட் மணி மிச்சம், 528 யூரோ. அரசு உதவி என்று எது வந்தாலும் தலைப்போடு நிறுத்தாமல், எந்த எண்ணின் மேல் கணக்கிடுகிறார்கள் என்று பார்ப்பது எவ்வளவு இலாபம் என்று அப்போது கண்டேன்.

2023 இலையுதிர்காலத்தில் எங்கள் நிறுவனத்துக்கு வேலை குறைந்து 'கூர்ட்ஸ்ஆர்பைட்' வந்தது. ஆட்களை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைப்பார்கள். நிகரச் சம்பளத்தில் குறைந்துபோகும் தொகையில் 60 சதவீதத்தை, பிள்ளைகள் இருந்தால் 67 சதவீதத்தை, அரசின் வேலைவாய்ப்பு முகமை தரும். நல்ல ஏற்பாடு. ஐந்து மாதம் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. ஆனால் ஒன்று தெரியாமல் இருந்தேன். அந்தப் பணத்துக்கு நேரடியாக வரி கிடையாது, ஆனால் மற்ற வருமானத்துக்கான வரி விகிதத்தை அது உயர்த்திவிடும். ஆண்டில் 410 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரிக் கணக்குத் தாக்கல் செய்வது கட்டாயம். அடுத்த ஆண்டு எனக்கு 610 யூரோ கட்டச் சொல்லி வந்தது. கூர்ட்ஸ்ஆர்பைட்டில் இருக்கிறவர்கள் வரும் தொகையில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

கார்ல்ஸ்ரூஹ நகரம் எங்களிடமிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அங்கேதான். 2023 நவம்பர் 15 அன்று அது ஒரு தீர்ப்புச் சொன்னது. கொரோனாவுக்கென ஒதுக்கிச் செலவாகாமல் கிடந்த 60 பில்லியன் யூரோ கடன் அனுமதியை வேறு நிதிக்கு மாற்றியது செல்லாது என்றது. ஜெர்மன் சாசனத்தில் 2009இல் சேர்த்த கடன் வரம்பின்படி, மத்திய அரசு சாதாரண ஆண்டுகளில் மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை வைக்கக் கூடாது. அதைச் சுற்றிப் போகப் பார்த்ததற்குத்தான் இந்த அடி. செய்தியைப் படித்தபோது இது பெர்லின் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டினேன். எரிவாயு விலைத்தடுப்பை 2024 மார்ச் வரை நீட்டிப்பதாக அரசு முடிவு செய்திருந்தது. தீர்ப்பால் பணம் வந்த பெட்டியே மூடப்பட்டதால், விலைத்தடுப்பு டிசம்பர் 31 அன்றே நின்றது.

ஜனவரி முதல் நான் என் 22 செண்ட்டோடு தனியாக நின்றேன். கரியமில வாயு வெளியீட்டுக்கான கரிமக் கட்டணம் டன்னுக்கு 30லிருந்து 45 யூரோவானது. எரிவாயுவுக்கான குறைந்த விற்பனை வரி ஏப்ரலில் 7லிருந்து மீண்டும் 19 சதவீதமானது. 'விலை உறுதி' என்று நான் நம்பியதில் வரிகளும் கட்டணங்களும் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. என் விலை 25 செண்ட்டைத் தொட்டது. அதே நேரம் புதிதாகச் சேர்பவர்களுக்கு 10 செண்ட்டுக்குக் கிடைத்தது. அண்ணை எப்போதோ மாறியிருந்தார். ஒப்பந்தம் முடிந்த அக்டோபர் வரை நான் கூடுதலாகக் கொடுத்தது 850 யூரோவுக்கு மேல்.

அரசியல் செய்திகளை இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். ஓர் அமைச்சர் அறிவிப்பது ஒன்று, நாடாளுமன்றம் நிறைவேற்றுவது வேறு, அதற்குப் பணம் எந்தப் பெட்டியிலிருந்து என்பது மூன்றாவது. மூன்றும் தெரியும்வரை அந்த உதவியை என் வீட்டு வரவில் எழுதுவதில்லை. சட்டம் ஒரு கதவைத் திறந்தால் அது திறந்தே இருக்கும் என்றும் நினைப்பதில்லை. மூன்றே ஆண்டில் குடியுரிமை பெறும் சிறப்பு வழி 2024 ஜூனில் வந்தது, 2025 அக்டோபரில் நீக்கப்பட்டது. தகுதி இருந்தும் சாவகாசமாக விண்ணப்பிக்கலாம் என்று இருந்த இரண்டு நண்பர்களை எனக்குத் தெரியும்.

அந்தத் தீர்ப்பு கிளப்பிய பணச்சண்டை ஓராண்டில் அரசையே கவிழ்த்தது. 2024 நவம்பர் 6 இரவு ஷோல்ஸ் தன் நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னரைப் பதவி நீக்கினார். 2025 பிப்ரவரி 23 தேர்தலில் பிரெடிரிக் மெர்ஸின் கட்சி முதலிடம். தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 20.8 சதவீதத்தோடு இரண்டாமிடம். எங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கைசர்ஸ்லவுட்டர்னில் கட்சி வாக்குகளில் அதுவே முதல். அடுத்த மாதமே, எந்தக் கடன் வரம்புக்காக அரசு கவிழ்ந்ததோ அதையே திருத்திப் பாதுகாப்புச் செலவுக்கு விலக்கும், உள்கட்டமைப்புக்கு 500 பில்லியன் யூரோ தனி நிதியும் கொண்டுவந்தார்கள்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் நடந்தது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. எங்கள் பட்டறையில் ஒரு மூத்தவர், ஐம்பத்தெட்டு வயது. இந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர். ஓடும் பம்பின் பேரிங் உறையில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொல்லுவார். நல்ல பேரிங் மழைபோல ஒரே சீராகப் பேசும், கெட்டுப்போகிறது மணல் மெல்லும். எந்தக் கருவியும் காட்டுவதற்கு மூன்று வாரம் முன்பே அவர் காது சொல்லிவிடும். அவர் அன்று உடைமாற்றும் அறையில் ஏஎஃப்டிக்கு வாக்களிக்கப் போவதாகச் சொன்னார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என்னைப் போன்றவர்கள் இங்கே இருப்பதையே பிரச்சினையாகப் பேசும் கட்சி அது. என் பெண்ணின் பிறந்தநாளுக்கு ஆண்டுதோறும் மர பொம்மை செதுக்கிக் கொண்டுவரும் மனிதர் இவர். ஏன் என்று கேட்டேன். அவர் குடியேற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த இரும்பு அலமாரிகளைக் காட்டினார். 46 அலமாரிகளில் 17 பூட்டில்லாமல் இருந்தன, வேலை போனவர்களுடையவை. "ஒரு சதவீதம் என்றார்கள். தாங்கலாம் என்றார்கள். யார் தாங்குவது என்று எங்களிடம் ஒருவராவது கேட்டார்களா?" என்றார்.

அவர் வாக்கு தவறு என்றுதான் நான் நினைக்கிறேன், அவரிடமும் சொன்னேன். ஆனால் அவர் கேள்வி சரியானது. ஐரோப்பாவின் அரசியல் கோபத்தைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் கேட்கிறேன், அந்த 17 அலமாரிகள் அவற்றில் வருவதில்லை. சராசரியில் ஒரு சதவீதம் என்றால் ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு பருக்கை குறைகிறது என்று பொருள் இல்லை. பெரும்பாலோர் தட்டு நிறைந்திருக்க, ஒரு சில தெருக்களில் தட்டே இல்லாமல் போகிறது. அந்தத் தெருக்களைப் பெயர் சொல்லி, மாற்று வேலைக்கான பயிற்சியையும் பணத்தையும் ஆலையை மூடும் நாளிலேயே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும், ஒப்பந்த ஊழியர்களுக்கும் சேர்த்து. கணக்குப் போட்ட அறிஞர்கள் பாதிக்கப்படுவோருக்கு அரசு ஈடு கொடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் செய்தார்கள். அந்தப் பகுதியை யாரும் தொலைக்காட்சியில் வாசிக்கவில்லை.

என் தரப்பில் செய்ய முடிந்தது சிறியது. மூன்று மாதச் செலவை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைத்திருக்கிறேன். எரிவாயுவுக்கு 12 மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் போடுவதில்லை. விலகும் தேதியை நாட்காட்டியில் ஆறு வாரம் முன்னதாகவே குறித்துவிடுகிறேன். மாதம் பிறந்ததும் மீட்டரைப் பார்த்து எழுதுகிறேன். நிறுவனத்தின் மதிப்பீட்டை நம்பியிருந்தால் ஆண்டுக் கடைசியில்தான் அதிர்ச்சி தெரியும். குழப்பம் வந்தால் நுகர்வோர் ஆலோசனை மையத்தில் சிறு கட்டணம் கட்டி ஒப்பந்தத்தைக் காட்டுகிறேன். 2022இல் அங்கே போகாதது என் பிழை.

போன இலையுதிர்காலத்தில் அந்த மூத்தவர் தன் எரிவாயுக் கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். விலை ஏற்றம், கூடவே 24 மாத 'உறுதி'. சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆப்பிள் கேக் வைத்தார். முதலில் மீட்டரைப் பார்ப்போம் என்று மூவரும் நிலவறைக்கு இறங்கினோம். விளக்கு எரியவில்லை. அவர் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதினேன்.

"சிவப்புக் கட்டத்தில் இருப்பது?" என்றார்.

"அது வேண்டாம். கறுப்பு மட்டும்."